மூன்றாவது மாநிலம்

இறங்குவதற்கு முன் என் கணவர் ஓட்டுநர் இருக்கையை எனக்காக முன்னால் தள்ளி வைத்தார்.

அவர் நெட்டை, நான் குட்டை. ஒவ்வொரு முறை ஸ்டியரிங் கைமாறும்போதும் அந்த இருக்கை முன்னும் பின்னும் நகரும்.

எங்கள் லாரி ஒரே நெடுஞ்சாலையில்தான் ஓடியது. துறைமுகத்தில் தொடங்கி ஐந்து மாநிலங்களைக் கடந்து போகும் சாலை. கல்யாணமான புதிதில் யார் எவ்வளவு நேரம் ஓட்டுவது என்று தினமும் சண்டை. கடைசியில், சொத்துப் பிரிப்பதுபோல, மாநிலத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டோம். முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது அவருக்கு. இடையில் உள்ள இரண்டும் எனக்கு.

மூன்றாவதில்தான் எங்கள் வீடு. அந்த மாநிலத்தை மட்டும் காய்ச்சலடித்தாலும் விட்டுத்தர மாட்டார்.

"உன் பங்குல மட்டும் ரோடு கண்ணாடி மாதிரி இருக்கு. எனக்கு வாய்ச்சதெல்லாம் பள்ளம்," என்றார் அன்றைக்கும்.

"அப்ப மாத்திக்கலாமா?"

"வேணாம்மா. பள்ளத்துல நீ ஓட்டினா நான் எங்க தூங்குறது?"

இருக்கைக்குப் பின்னால் உள்ள படுக்கைப் பலகையில் ஏறித் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். பலகை அவர் உயரத்துக்குப் போதாது. பாதங்கள் இரண்டும் எப்போதும்போல் திரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அவரை நான் ஒருநாளும் எழுப்பியதில்லை. எல்லைச் சாவடிக்குச் சற்று முன்னால் கான்கிரீட் முடிந்து தார் தொடங்கும். சக்கரத்தின் சத்தம் மாறும். அதுதான் அவருக்கு அலாரம். உடனே திரைக்குள்ளிருந்து "வந்தாச்சா?" என்பார்.

அன்று நல்ல வெயில். சத்தம் மாறியது.

திரைக்குள்ளிருந்து குரல் வரவில்லை.

"ஏங்க," என்றேன். கொஞ்ச தூரம் போய் இன்னொரு தடவை, "ஏங்க."

திரும்பிப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் உள்ள கண்ணாடியில் பாதங்கள் தெரிந்தன. லாரி ஆடும்போது ஆடின. லாரி நின்றபோது நின்றன.

சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றன.

அதற்கு முந்தைய வருடம், எங்களுக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் இதே வரிசையில் நிற்கும்போது இறந்துபோனார். சாவு எந்தப் பக்கத்தது என்று இரண்டு மாநிலப் போலீசும் கையை விரித்தன. வழக்கு தீரும்வரை எல்லை ஊர்ப் பிணவறையில் அவர் கிடந்தார். வெளியே மரத்தடியில் அவர் மனைவி கிடந்தாள். பார்த்துவிட்டுத் திரும்பும்போது என் கணவர் சொன்னது ஒன்றுதான்.

"எங்க வேணா சாகுறேன். இந்த ரெண்டுங்கெட்டான் ஊர்ல மட்டும் என்னை விட்டுட்டுப் போயிராத."

வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

சாவடிக்காரர் எங்களுக்குப் பழக்கம். என்னைத் தங்கச்சி என்பார், அவரை மாப்பிள்ளை என்பார். வண்டியின் படியில் ஏறி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால் பெருவிரலைப் பிடித்து இழுத்துவிட்டுத்தான் காகிதங்களையே கேட்பார்.

"என்ன மாப்ள, தங்கச்சிய மாடா உழைக்கவிட்டுட்டு மகாராஜா கணக்கா படுத்திருக்க?" என்றபடியே அன்றும் கையை நீட்டினார்.

நீட்டிய கை விரலிலேயே நின்றுவிட்டது.

நான் முன்னால் இருந்த தடுப்புக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பூசிய சிவப்பு ஓரிடத்தில் உரிந்து, உள்ளே பழைய பச்சை தெரிந்தது.

"அசதிண்ணே," என்றேன். "எழுப்பாதீங்க."

அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அவர் கழுத்தில் விசில் தொங்கியது. ஒரு தடவை ஊதினால் போதும்.

போர்வையின் நுனியை இழுத்து இரண்டு பாதங்களையும் மூடினார். குளிரில் தூங்கும் பிள்ளைக்குச் செய்வதுபோல், ஓரத்தையும் உள்ளே செருகினார். பிறகு படியிலிருந்து இறங்கி, அந்தப் பக்கம் நின்றவரிடம் சத்தமாகச் சொன்னார்.

"நம்ம வண்டிதான். எல்லாம் பாத்தாச்சு, தூக்குப்பா."

காகிதங்களை அவர் கேட்கவே இல்லை. கம்பம் மேலே போனது. அவர் என் ஜன்னலோரம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நேரா வீட்டுக்குப் போ தங்கச்சி. வழியில எங்கயும் நிறுத்தாத. போய்ச் சேந்தப்புறம் எழுப்பு."

அதுவரை மூன்றாவது மாநிலத்தை நான் ஓட்டியதில்லை. அத்தனை வருடமும் அதைப் படுத்துக்கொண்டே கடந்திருக்கிறேன். அதன் குலுக்கல்கள் எனக்கு மனப்பாடம். அதன் முகம் தெரியாது. அன்றுதான் பார்த்தேன். இரண்டு பக்கமும் மரங்கள், மேலே ஒன்றோடொன்று கிளை கோத்து, நெடுந்தூரத்துக்கு ஒரே நிழல். இப்படி ஒரு நிழல் இருக்கிறது என்று அவர் சொன்னதே இல்லை.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்து, ஏறி இறங்கினேன். பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பித் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள்.

வாசலில் கொழுந்தனும் பக்கத்து வீட்டு ஆண்களும் சேர்ந்து அவரை இறக்கினார்கள். எங்கே, எப்போது என்று ஆளுக்கொருவராய்க் கேட்டார்கள். நம் மாநிலத்துக்குள் வந்த பிறகு என்றேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்து, உறவுகள் கலைந்தபின் வெளியே வந்து பார்த்தேன். லாரி நிறுத்திய இடத்திலேயே நின்றது. மேலே தார்ப்பாய், உள்ளே யார் வீட்டுத் தரைக்கோ போக வேண்டிய ஓடுகள்.

நெடுஞ்சாலை எங்கள் ஊரோடு முடிவதில்லை. வாசலைத் தாண்டி இன்னும் இரண்டு மாநிலங்கள் போகிறது.