மூடி போட்ட கேமரா

தோவாளைப் பூச்சந்தையில் முப்பத்தாறு படம் எடுத்து முடித்த பிறகுதான், லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை என்று பெபிஷாவுக்குத் தெரிந்தது. அவளுடைய பழைய கேமராவில் பார்க்கும் துளை லென்ஸுக்கு மேலே தனியாக இருப்பதால், மூடி கிடந்தாலும் கண்ணுக்குக் காட்சி தெரியும்.

இருந்தும் ஃபிலிமைக் கழுவினாள். ஃபிலிமின் கடைசிக் கட்டத்தில் மட்டும் படம் விழுந்திருந்தது. ஆளில்லாத சந்தை. நடுவில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண்.

“ஏட்டி, மூடியும் வச்சிட்டு எடுத்தா படம் எப்பிடி விழும்?” என்றான் கணவன் ரிஜோ.

“அதத்தான் நானும் பாக்கப் போறேன்.”

மறுநாள் மூடியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதே இடத்தில் இன்னொரு ரோல் எடுத்தாள். கழுவிப் பார்த்தாள். கடைசிக் கட்டத்தில் அந்தப் பெண் திரும்பி நின்றாள். கையில் லென்ஸ் மூடி, பிய்ந்த டேப்போடு.

மேசையில் கேமரா இருந்தது. ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது.

பெபிஷா புது ரோலைப் போட்டாள். டேப்பை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.