குறட்டை நின்ற நேரம்

மதியம் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்த திருவேங்கடம் குறட்டை விட ஆரம்பித்தால், கூடத்தில் அவர் மனைவி கோமளம் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். குறட்டை பட்டென்று நின்றால், "அப்பாடா, இப்பதான் அசந்து தூங்குறார்" என்று சத்தத்தைக் குறைப்பாள்.

"எல்லாம் என் காத்தோட மகிமை" என்றது அவர் தலைக்கு மேல் சுற்றிய ஃபேன்.

"மகிமையா? குறட்டையோட மூச்சும் நின்னுபோச்சுய்யா! தொண்டை அடைச்சுக் கிடக்கு" என்று நெஞ்சுக்குள்ளிருந்து கத்திய இதயம், எகிறி எகிறி அடித்தது. திருவேங்கடம் விலுக்கென்று விழித்து, மூச்சை வாரி இழுத்துவிட்டு, மறுபடி கண்ணை மூடினார்.

"நிம்மதியாத் தூங்குற மனுஷனை எழுப்புறியே, பொறாமையா?" என்றது ஃபேன்.

"அவர் படுத்தாத்தான் எனக்கு ஓட்டமே. போன வாரம் பிரஷர் ஏறுதுன்னு டாக்டர்கிட்ட போனோம். தூக்கம் எப்படின்னு கேட்டார். கோமளம் முந்திக்கிட்டு, 'அதுல ஒரு குறையும் இல்ல டாக்டர், படுத்தா கட்டை மாதிரிதான்'னு சொல்லிட்டா."

ஃபேன் சிரித்த சிரிப்பில் உள்ளே ஏதோ கழன்று, கடக்கென்று நின்றது. அதே நேரம் குறட்டையும் நின்றது.

கோமளம் பதறிப்போய் எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டாள். "தம்பி, ஃபேன் நின்னுபோச்சு, உடனே ஓடி வாங்க! அவர் அசந்து தூங்குறார், பாவம், முழிச்சிடப் போறார்."

இதயம் மூச்சில்லாமல் அடித்துக்கொண்டே ஃபேனிடம் சொன்னது:

"நீ குடுத்து வச்சவன்யா."