கடைசி விமானம்

"நாளையிலேர்ந்து ராத்திரியில பிளேன் கிடையாதாம் ஐரின்! கவர்மென்ட் ஆர்டர் வந்துடுச்சு" என்று ஏர்போர்ட்டை ஒட்டிய ஈஜிபுராவே அதிரக் கத்தினாள் பக்கத்து வீட்டு மௌரீன்.

ஐரின் முகம் வெளிறியது. "இன்னைக்கு வருமாக்கா?"

"இன்னைக்கு மட்டும் வரும், கடைசியா. ஏன்டி, நிம்மதியாத் தூங்கலாம்னு சந்தோஷமில்ல உனக்கு?"

ஐரின் அடுப்படிக்குப் போனாள்.

இரவு அவள் புருஷன் டிரேவர் வழக்கம்போல் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தான். விமானம் கூரைக்கு மேல் வரும்போதுதான் அடிப்பான். நாலு வருஷமாக அவள் அலறல் யார் காதிலும் விழுந்ததில்லை.

இரைச்சல் நெருங்கியது. அவன் கையை ஓங்கினான்.

ஐரின் தலையணைக்கடியில் இருந்த அம்மிக்குழவியை எடுத்து அவன் மண்டையில் இறக்கினாள்.

அவன் அலறலும் யார் காதிலும் விழவில்லை.