மருமகள் பெயரில் ஒரு பத்திரம்

சன்னல் வெயில் வக்கீலின் மேசைக்கண்ணாடியில் வழுக்கி, பேருந்து ஓட்டிக் காய்த்துப்போன பெரியவரின் விரல்களில் வந்து விழுகிறது. நாளைக்கே தனக்கு நினைவு தப்பினால், வைத்தியம், பராமரிப்பு எல்லாவற்றையும் மருமகளே முடிவு செய்யலாம் என்கிற பத்திரம் அவர் முன்னால் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. “பெத்த பையன் இருக்கும்போது மருமகளா?” என்கிறார் வக்கீல். “அவன் யாரு என்ன சொன்னாலும் தலையாட்டிடுவான் சார். இவதான் டாக்டரையே நிக்க வெச்சுக் கேள்வி கேப்பா.” பக்கத்தில் மகன் ஆமாம் என்று தலையாட்டுகிறான். பெரியவர் திருப்தியாகப் பேனாவைத் திறந்து குனிகிறார். மருமகள் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொள்கிறாள். “படிச்சுப் பாக்காமலேயே கையெழுத்தா? முதல்ல கண்ணாடியப் போடுங்க மாமா.” சட்டைப்பையைத் துழாவிக்கொண்டே அவர் வக்கீலைப் பார்க்கிறார், பார்வையில் பெருமை பொங்குகிறது.