நாலு வார்த்தைக்கு மேல்

“சொல்லுங்க,” என்றாள் அவள்.

“பேரு ஊரெல்லாம் சொல்ல வேணாம் இல்லையாம்மா?” என்று கேட்டது போனில் ஒரு கட்டைக்குரல். “வெக்கமா இருக்கு. அதான் கேட்டேன்.”

“ம்.”

அவளுக்கு அனுமதி நாலே நாலு வார்த்தை: ம், சொல்லுங்க, அப்புறம், புரியுது. கன்னியாஸ்திரீகள் சபை நடத்தும் அந்தக் கல்லூரியில், தகவல் தொடர்பியல் பட்டப்படிப்பின் கடைசிச் செய்முறைத் தேர்வு இது. பாடத்தின் பெயர் ‘செவிமடுத்தல்’. வாசல் போர்டில் இருக்கும் எண்ணுக்கு மனபாரம் உள்ளவர்கள் யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். மாணவர்கள் ஆளுக்கு ஓர் அழைப்பை எடுத்து, பத்து நிமிடம் காது மட்டும் கொடுக்க வேண்டும்.

சொந்தக் கதையை ஒரு வரி அவிழ்த்துவிட்டாலும் பூஜ்யம், இந்த வருடம் பட்டமும் கிடையாது என்று அந்தப் பாடம் நடத்தும் சிஸ்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அடுத்த அறையில் உட்கார்ந்து அவரே ஒட்டுக்கேட்டு மார்க் போடுவார். அழைப்பவர் கூச்சப்படாமல் பேசட்டும் என்று குரலை மாற்றும் பெட்டி வேறு வைத்திருந்தார்கள். உலகத்தில் யார் அழைத்தாலும் இந்த ஒரே கட்டைக்குரல்தான்.

அவளுக்கு முன்னால் போனவன் ‘ரேடியோ’. தூக்கத்திலும் பேசுகிறவன் என்று வகுப்பு வைத்த பெயர். “பத்து நிமிஷம் வாயை மூடுறதுக்கா மூணு வருஷம் படிச்சோம்?” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனவன், கண் சிவந்து வெளியே வந்தான். யாரிடமும் வாய் திறக்காமல், செல்போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் போய்விட்டான். ரேடியோவுக்கும் பேட்டரி தீரும் போல என்று அவள்கூடக் கிண்டலடித்தாள்.

“எம்பிள்ளை உங்க காலேஜ்லதாம்மா படிக்குது,” என்றது குரல். “போன வருஷம் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டு வீட்டுக்கு நோட்டீஸ் வந்துச்சு. வேலை பாத்த சட்டையோடயே ஓடிவந்தேன்.”

“அப்புறம்?”

“படிக்கட்டுகிட்ட பிள்ளையைப் பாத்துட்டேன். கூட நாலஞ்சு சிநேகிதங்க. ‘அது யாரு, உன்னையே பாக்குறாரு?’ன்னு ஒருத்தங்க கேட்டாங்க. ‘தெரியலை, ஏதோ வேலைக்கு வந்த ஆளா இருக்கும்’னு சொல்லிச்சு எம்பிள்ளை.”

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

ஆண்டு விழா. தூணருகே, பஞ்சர் கடையில் போடும் கறுத்துப்போன சட்டையோடு அப்பா. ‘ஃபேன் ரிப்பேர் பண்ண வந்தவரா இருக்கும்’ என்று தோழிகளிடம் சொன்ன தன் குரல் இப்போதும் அவள் காதில் கேட்டது. அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பாள். அவர் கேட்காததுதான் ஒரு வருடமாக முள்ளாக உறுத்துகிறது.

“குடையை மடிச்சுக் கையில வச்சுக்கிட்டு, விழா முடியிற வரைக்கும் வெளியவே நின்னேம்மா.”

குடையா? அப்பா கையில் குடை இருந்ததா? அவளுக்கு நினைவில்லை. முகத்தையே பார்க்காமல் திரும்பிக்கொண்டவள் கையில் இருந்ததை எங்கே பார்த்தாள்!

“புரியுது,” என்றாள்.

“பிள்ளை மேல தப்பில்லம்மா. நான்தான் சட்டையை மாத்திட்டு வந்திருக்கணும். அடுத்த மாசம் பட்டமளிப்பு விழாவாம். நான் போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். எம்பிள்ளை நாலு பேர் முன்னால தலைகுனிஞ்சு நிக்கக்கூடாது பாருங்க. சரி, வச்சிடவா?”

சுவர்க்கடிகாரத்தில் இன்னும் ஒரே நிமிடம் பாக்கி. ‘ம்’ என்றால் போதும், பட்டம் கைக்கு வந்துவிடும். வகுப்பிலேயே முதல் மாணவி வேறு. ஆனால் அந்த ஒரு ‘ம்’ சொன்னால், அப்பா வரவேண்டாம் என்று அவளே இரண்டாம் முறை சொன்னதாகிவிடும்.

“வச்சிடாதீங்க!” என்று கத்திவிட்டாள். அழுகை முந்திக்கொண்டது. “அப்பா, நான்தாம்பா! சட்டையில என்னப்பா இருக்கு, எனக்குத்தான் புத்தி இல்லாமப் போச்சு. நீங்க கண்டிப்பா வரணும். அந்தச் சட்டையிலயே வாங்க. எங்கப்பான்னு எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்.”

மறுமுனையில் ‘டக்’கென்று ஒரு சத்தம். யாரோ குரல் பெட்டியை அணைத்தார்கள்.

அடுத்துக் கேட்டது சிஸ்டரின் மெல்லிய குரல்.

“நீங்க வாயை அடக்குறீங்களான்னு பாக்கத்தாம்மா இந்தக் கதையை நானே இட்டுக்கட்டினேன். குடையைக்கூட சும்மாதான் சேர்த்தேன். இப்ப எனக்கே வெக்கமா இருக்கு. இத்தனை பேருக்கும் எப்படிப் பூஜ்யம் போடுவேன்?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இத்தனை பேரா, சிஸ்டர்?”

“காலையிலேருந்து என்னை அப்பான்னு கூப்பிட்டவங்கள்ல, நீ ஒன்பதாவது ஆளும்மா.”