நின்றபடியே விழுந்தவள்

“இது நேத்து பட்டது இல்ல. நாலு நாளாவது ஆயிருக்கும்.”

சௌமியாவின் முழங்கையைத் திருப்பிப் பார்த்தபடி சொன்னாள் பொற்கொடி. பச்சை ஓடிய அந்தக் காயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று, புதிதாக, கருநீலத்தில் கன்றிப்போயிருந்தது.

“சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்க்கா.” சௌமியா யூனிஃபார்ம் கோட்டின் கையை அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“ஓட்டினு போறப்பவா?”

“இல்லக்கா... நின்னுனு இருந்தப்ப.”

கேன்டீனில் எல்லோரும் தட்டைக் கழுவ எழுந்துவிட்டார்கள். பொற்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. நிற்கிற சைக்கிளில் இருந்து யாராவது விழுவார்களா?

ஓசூர் சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் பொற்கொடி லைன் லீடர். சௌமியா அவள் லைனில் வேலை பார்ப்பவள். கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது. லைனே அதிரப் பேசுகிற பெண், மூன்று வாரமாக மாற்றி மாற்றிக் காயத்தோடு வருகிறாள். கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள்.

அன்று மதியம் பொற்கொடியின் கை வேலையில் நிற்கவில்லை. நல்ல பாகத்தை ரிஜெக்ட் பெட்டியில் போட்டாள், போட்டதைத் திரும்ப எடுத்தாள். டீ நேரத்தில் சௌமியாவைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

“உண்மையச் சொல்லுடி. உன் வீட்டுக்காரரு எப்பிடி?”

“அவருக்கென்னக்கா, நல்லாத்தான் பாத்துக்கறாரு.”

“எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க. இத பாரு, ஒண்ணுன்னா யோசிக்காத. நேரா கெளம்பி எங்க வீ...” பொற்கொடி நிறுத்திக்கொண்டாள். “சிங்காரப்பேட்டைல என் தங்கச்சி வீடு கீது. அங்க போயிரு. நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன்.”

சௌமியா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத முகம். அதற்குள் மணி அடித்துவிட்டது.

சனிக்கிழமை அவள் நொண்டிக்கொண்டே வந்தாள்.

அதற்கு மேல் பொற்கொடிக்குத் தாங்கவில்லை. ஞாயிறு காலை, ஓவர்டைம் என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள், சௌமியாவின் புருஷன் ஹரீஷ்குமாரிடம் என்ன கேட்பது என்று மனசுக்குள் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தாள். பத்துத் தரமும் முதல் கேள்வியைத் தாண்டவில்லை.

கல்யாண விருந்துக்கு வந்த வீடுதான். தெருமுனை திரும்பும்போதே சத்தம் கேட்டது.

“ஐயோ, வேணாங்க! முடியல, முடியல!”

“எத்தன வாட்டி சொல்றது உனக்கு?”

தொப்பென்று ஒரு சத்தம்.

பொற்கொடி செருப்பு தெறிக்க ஓடினாள். “ஏய்! பொண்ணு மேல கைய வெச்சே...”

வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் சௌமியா கிடந்தாள். தலையில் ஹெல்மெட். அவளோடு சேர்ந்து ஒரு சைக்கிளும் கிடந்தது. இரண்டு பாதமும் இன்னும் பெடலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நாலடி தள்ளி ஹரீஷ்குமார் திகைத்து நின்றான்.

“இந்த ஷூ அடியில ஒரு கிளிப் இருக்குங்க்கா,” என்று அவன்தான் விளக்கினான். “பெடல்ல மாட்டிக்கும். நிறுத்துறப்ப குதிகால வெளிய திருப்பினாத்தான் கழறும். இவ மறந்துட்டு மேல தூக்குறா. கால் வராது, அப்பிடியே சாஞ்சுடுவா. நானும் பழகுறப்ப பதினேழு தடவ விழுந்தேன்.”

“அடுத்த மாசம் தேன்கனிக்கோட்டை வரைக்கும் இவரோட சைக்கிள் கூட்டத்தோட நானும் ஓட்டப் போறேன்க்கா,” என்றாள் சௌமியா மண்ணைத் தட்டியபடி. “லைன்ல சொன்னா சிரிப்பாங்கன்னுதான் சொல்லல.”

“நான் என்னென்னமோ நெனச்சுட்டேனேடி!”

ஹரீஷ்குமாருக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் அவன் முகம் வெளுத்தது. “நீங்க வந்தது நல்லதுங்க்கா. வேற யாரு இப்பிடி வந்து கேப்பாங்க?” என்றான்.

பொற்கொடி அப்படியே சிமென்ட் பைப் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்க ஆரம்பித்தவளுக்குக் கண்ணீர் வந்தது. துப்பட்டாவால் துடைத்தாள், துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது.

“அழாதீங்கக்கா, இப்ப பாருங்க!” என்று சௌமியா மறுபடி ஏறினாள். மனையை ஒரு சுற்று சுற்றினாள். பொற்கொடியின் முன்னால் வந்து நிறுத்தி, வலது குதிகாலை வெளியே திருப்பினாள். ‘டக்’கென்று கால் கழன்றது. ஆனால் உடம்பு இடது பக்கம் சாய்ந்தது.

பொற்கொடி பாய்ந்து தாங்கிப் பிடித்தாள். சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிய பொற்கொடியின் சுடிதார் முழுக்கை, முழங்கைக்கு மேலே ஏறிக்கொண்டது.

“விழல! நான் விழல!” என்று கூவிய சௌமியா, சட்டென்று நிறுத்தினாள். அவள் பார்வை பொற்கொடியின் கையிலேயே நின்றது.

பொற்கொடி துணியை இறக்கப் பார்த்தாள். சௌமியா விடவில்லை.

“நாலு விரலும் அப்பிடியே பதிஞ்சிருக்கேக்கா... இன்னைக்கு நீங்க வீட்டுக்குப் போக வேணாம்.”