நாலாம் நம்பர் கோடு

"அந்த நாலாம் நம்பர் கோட்டை மட்டும் எடுத்துடும்மா," என்றார் பரமசிவம், கதவைச் சாத்திவிட்டு.

உர்சுலாவுக்குச் சிரிப்பு வந்தது. சைனாடவுனில் இருந்த அந்த அலுவலகத்தின் கணினி உதவிப் பிரிவுக்கு இவர்தான் மேலாளர். மவுசைப் பிடுங்கிவிட்டால் மனிதர் திருதிருவென்று விழிப்பார். கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வரைபடம் போடும் வித்தை இவளுக்கு மட்டுமே கைவந்திருந்தது.

திரையில் ஐந்து கோடுகள். பிரிவில் இருக்கும் ஐந்து பேருக்கும் வாடிக்கையாளர்கள் கொடுத்த மதிப்பெண். பெயர் கிடையாது, எண் மட்டும். எது யாருடையது என்பது பரமசிவத்துக்கும் தலைமையகத்துக்கும்தான் தெரியும். மூன்று மணிக் கூட்டம் முடிந்ததும் ஐவரில் மதிப்பெண் குறைந்த ஒருவருக்கு வேலை போய்விடும். ஜம்மென்று ஏறிப்போன இரண்டாம் கோடு தன்னுடையது என்பதில் உர்சுலாவுக்குச் சந்தேகமே இல்லை. நாலாவது கோடு அதலபாதாளத்தில் கிடந்தது.

"எடுக்க முடியாது சார்."

"மறைக்கவாவது முடியும்ல? இல்லாட்டி மூணோட சேர்த்து ஆவரேஜ் போடேன்."

"இந்தக் கணக்கை எந்த ஸ்கூல்ல சார் சொல்லிக் குடுத்தாங்க?"

தொலைபேசி அடித்தது. எடுத்தாள். "ஆன்ட்டி, வயரு சொருகியிருக்கான்னு பாருங்க. பாக்கத் தெரியும்ல? தெரியலன்னா வீட்டுல படிச்சவங்க யாராச்சும் இருந்தா குடுங்க." டொக்கென்று வைத்தாள்.

"நிதீஷ் கோடுதானே அது?" என்றாள் பரமசிவத்திடம். "பாசிர் ரிஸ்லேர்ந்து தினமும் ரெண்டு பேரும் ஒரே காருல வர்றீங்க. பாசம் இருக்கும் லா."

பரமசிவம் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "பேர் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு. ஆனா வேலை நல்லாத் தெரிஞ்ச ஆளும்மா. இன்னும் ஆறு மாசம் குடுத்தா திருந்திடும்."

"திருந்துற மூஞ்சியா அது?"

"சரி, அந்த கமாண்ட் என்னன்னு மட்டும் சொல்லு. நானே போட்டுக்கிறேன்."

"ஒரு எழுத்து தப்பினா எல்லாக் கோடும் போயிடும் சார். உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

அவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். இப்படி ஒரு கோழைக்குக் கீழே வேலை பார்க்க வேண்டியிருக்கிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலாம் கோட்டுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தாள். அடுத்த கட்டளையில் அதை இரண்டு மடங்கு தடிமனாக்கினாள். இனி எவனாலும் மறைக்க முடியாது.

மூன்று மணிக்குத் தலைமையகத்திலிருந்து சிவானி வந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பொண்ணு வெளிய இருக்கட்டுமே," என்றார் பரமசிவம் அவசரமாக.

"அப்புறம் இதை யார் இயக்குறது? இருக்கட்டும்." சிவானி திரையைப் பார்த்தார். "சிவப்புல போட்டது நல்லாருக்கு. பளிச்சுன்னு தெரியுது. நான் பேரைச் சொல்றேன், நம்பருக்குப் பதிலா அதை ஏத்துங்கம்மா. ஒண்ணு, ரமணன்."

உர்சுலா தட்டினாள்.

"ரெண்டு, நிதீஷ்."

தலைமையகம் தப்பாக எழுதியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே தட்டினாள்.

"மூணு, ஆட்ரி."

பரமசிவம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு, உர்சுலா," என்று படித்த சிவானி நிமிர்ந்து அவளையே கேட்டார். "யாரும்மா இந்த ஆளு?"